இடது கால் குட்டை

ஜூன் 4, செவ்வாய்

இனிமேல் செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒரு மணி நேரம் நான் வீட்டில் இருக்கக் கூடாதாம். உத்தரவு போட்டது காசிம், ரெஜினாவுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பக்கத்துல நின்னா மேடம் எதையும் செய்ய மாட்டேங்குறாங்க. கொஞ்சம் காத்தாடப் போய்ட்டு வாங்களேன்."

என் வீட்டிலிருந்து என்னையே அனுப்புகிறார். ரெஜினா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கே போவது? டீக்கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள். "வீட்ல இப்ப எப்படி இருக்காங்க?" என்பார்கள். "பரவாயில்ல" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே தேய்ந்துவிட்டது. மாதா கோயில் சமூகக்கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளை உடுப்பு போட்ட பிள்ளைகள் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். டேக்வாண்டோ வகுப்பு. அம்மாக்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். கறுப்பு பெல்ட் கட்டிய பெண், என் மகள் ஷர்லியைவிடச் சின்னவள்.

"சார், இதுல உங்க பேரப்புள்ள யாரு?"

"யாருமில்லம்மா."

"அப்ப நீங்க சேர வந்தீங்களா?"

பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூங்கத்தான் வந்தேன் என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்றேன்.

களைப்பெல்லாம் இல்லை. வெயிலில் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 6, வியாழன்

அமலதாஸ், வயது ஐம்பத்தெட்டு, வெள்ளை பெல்ட். எனக்கு அடுத்த பெரியவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பெல்ட்டைத் தப்பாகக் கட்டியிருந்தேனாம். பால் பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் வந்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டிவிட்டாள்.

மாஸ்டரின் பெயர் யுவராணி. முதல் பேட்டர்னைக் காட்டினாள். பேட்டர்ன் என்றால் இல்லாத எதிரியோடு ஒழுங்குமுறையாகப் போடும் சண்டை. இதற்கு சோன்ஜி என்று பெயர். வானமும் பூமியும் என்று அர்த்தமாம். பார்த்தால் அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதலில் இடது பக்கம் திரும்பி ஒரு காலை நீட்டி வைத்து, கையால் கீழே தடுக்க வேண்டும். அடுத்த அடி வைத்து ஒரு குத்து. பிறகு அப்படியே வலது பக்கம் திரும்பி அதையே செய்ய வேண்டும். அப்புறம் முன்னால், பின்னால். இப்படி நாலு திசைக்கும். பிறகு தடுப்பை மாற்றி மறுபடி ஒரு சுற்று. கடைசியில் பின்வாங்கிக்கொண்டே இரண்டு குத்து.

நான் செய்து காட்டியதும் மாஸ்டர் ஒரே மூச்சில் சொன்னாள்: "கீழ பாக்காதீங்க சார். குத்தாத கை இடுப்புக்கு வரணும், அது காத்துல தொங்குது. கால் நிக்கிற அதே நேரம் கையும் நிக்கணும். முட்டி மடங்கணும். தோள இறக்குங்க. மூச்சு விடுங்க சார்!"

கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ரெஜினா நன்றாக வியர்த்திருந்தாள். துடைத்துவிட்டு, ரசம் சோறு ஊட்டிப் படுக்க வைத்தேன். ஸ்பூனை அவளே இடது கையால் பிடிக்கப் பார்க்கிறாள். சிந்திவிடும்.

ஜூன் 11, செவ்வாய்

ரெஜினாவுக்கு வயிறு சரியில்லை. மூன்று விரிப்பு துவைத்தேன். வகுப்பு இல்லை.

ஜூன் 13, வியாழன்

ஹாலில் பயிற்சி செய்து பார்த்தேன். வீட்டில் இடம் என்று சொன்னால் அது ஹால்தான், அதிலும் பாதி ரெஜினாவின் கட்டில். ஹாலில் போட்டது என் ஏற்பாடு. சமையல்கட்டில் நின்றாலும் அவள் கண்ணில் பட வேண்டும், அதனால். வாசலைப் பார்த்து நின்றால் கட்டில் எனக்கு இடது பக்கம். வலது பக்கம் செருப்பு ஸ்டாண்டு வரை காலியாக இருக்கிறது.

ரெஜினா தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியில் நாக்கால் "ச்" கொட்டும் சத்தம். திரும்பினால் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கால்," என்றாள். அடுத்த வார்த்தைக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "குட்டை."

பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். போன நவம்பரில் விளையாட்டு விழா ஒத்திகையில், மைதானத்திலேயே பக்கவாதம் வந்து விழுந்தாள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வருகிறது. இத்தனை மாதத்தில் "தண்ணி", "வலி", "போதும்" தவிர அவளாக என்னிடம் ஒரு கருத்து சொன்னது இன்றுதான். அதுவும் என் காலைப் பற்றி.

"கால் என் உயரத்துக்குச் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"குட்டை," என்றாள் மறுபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜூன் 16, ஞாயிறு

பெங்களூரிலிருந்து ஷர்லி பேசினாள். கோயம்புத்தூரில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறதாம். அங்கேயே தங்கி மூன்று மாதப் பயிற்சி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஓர் இடம் காலியாகிறது, ஜூலை இருபதுக்குள் சொல்ல வேண்டும். கூட யாரும் தங்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

"கூட யாரும் இல்லாம எப்படிம்மா? ராத்திரி தண்ணி கேட்டா யாரு குடுப்பா?"

"அங்க ஆள் இருக்காங்கப்பா. குடும்பத்து ஆளுங்க இருந்தா தூக்கித் தூக்கி விடுறாங்களாம், அதனாலதான் அந்த ரூலே."

"நான் நல்லாத்தானே பாத்துக்கிறேன்."

"நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. அதான் பிரச்சனை. நீங்களே பாதி ஆளாப் போயிட்டீங்க. போன வாரம் வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போதே தூங்கிட்டீங்கப்பா."

ஸ்பீக்கரில் போட்டது தப்பு. கட்டிலிலிருந்து ரெஜினா, "போறேன்," என்றாள்.

மகளின் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு என்னை விட்டு இருக்க முடியாது. பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று மாஸ்டர் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினாள். "இதுல நின்னு ஆரம்பிங்க சார். ஆரம்பிச்ச எடத்துலதான் முடியணும். அதான் சோன்ஜி. மத்ததெல்லாம் அப்புறம்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு திசைக்கும் போய் அடித்துப் பிடித்து, கடைசியில் பார்த்தால் கிளம்பின இடத்திலேயே நிற்க வேண்டுமாம். இதற்கு ஒரு வகுப்பா? நான் தினமும் காலையில் இருந்து அதைத்தானே செய்கிறேன். துணியை நனைத்துத் துவைத்து உலர்த்தி மடித்துப் பார்த்தால், மறுபடி நனைக்க வேண்டிய துணி.

ஆனால் செய்து முடித்தபோது டேப் எனக்கு இடது பக்கம் ரொம்பத் தள்ளி இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அதே மாதிரி. பல் விழுந்த குட்டி டேப்பின் மேல் அச்சாக வந்து நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"ஏதோ ஒரு பக்கம் உங்க அடி கம்மியா விழுது," என்றாள் மாஸ்டர். "பரவாயில்ல சார், போகப் போகச் சரியாயிடும்."

பரவாயில்லை என்ற வார்த்தையை இவளும் வைத்திருக்கிறாள்.

ஜூன் 25, செவ்வாய்

ரெஜினாவின் பழைய விசிலை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாய்க்குப் பயிற்சி என்று காசிம் கேட்டிருந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மாலைக்குள் சத்தம் வந்துவிட்டது. மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது நான் ஹாலில் பேட்டர்ன் ஆரம்பித்தால், இடது பக்கம் முதல் அடி வைத்ததுமே விசில் அடிக்கிறாள். நான் நிற்க வேண்டும்.

"கால்."

"கை சரியா இருக்கா, அதச் சொல்லு. மாஸ்டர் கையும் தப்புன்னு சொன்னாங்க."

தலையை ஆட்டினாள். கையைப் பற்றி இப்போது பேச்சில்லை.

இது அவளுடைய பழைய வழி. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் ஏழு தப்பு இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்வாள். அது திருந்துகிறவரை அடுத்ததை வாயில் எடுக்க மாட்டாள். ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் முழுக்க "முழங்கை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கடைசியில் மாவட்டப் போட்டிவரை போய்க் குண்டு எறிந்தாள். டீச்சர் அடுத்த தப்புக்குப் போய்விட்டார் என்றால் பிள்ளைகள் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார்களாம். பாராட்டு என்று தனியாக எதுவும் அவளிடம் கிடையாது. எனக்கும் கிடைத்ததில்லை.

இடது பக்கம் இன்னும் நீட்டினால் கட்டில் காலில் என் கால் இடிக்கும். அதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று ரெஜினா சிரித்தாள். நான் பின்வாங்கிக் குத்தும்போது செருப்பு ஸ்டாண்டில் மோதி, செருப்பெல்லாம் சரிந்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயின் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் அது முழுச் சிரிப்புதான். சிரித்து முடித்துவிட்டு விசில் அடித்தாள்.

இடுப்பில் நல்ல வலி. அதைச் சிரிப்பில் கழித்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. நான் அடுப்பின் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ரெஜினா விசில் அடித்த பிறகுதான் வாடை தெரிந்தது. களைப்பில்லை. ஏதோ யோசனை.

ஜூலை 9, செவ்வாய்

வகுப்பு இல்லை. சமூகக்கூடத்தில் நிச்சயதார்த்தமாம், வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தேன்.

கேட்டைத் திறக்கும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். காசிம் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்!

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓடிப் போய்ப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பிடித்ததும் அவள் கால் மடங்கிவிட்டது. மொத்த எடையும் என் மேல் சாய்ந்தது, இரண்டு பேருமாகக் கட்டிலில் விழுந்தோம். நல்லவேளை நான் வந்தேன்.

"சார், அவங்க நல்லாத்தான் நின்னாங்க," என்றார் காசிம். "நீங்க தொட்டதுலதான்..."

"விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"நான் வர்றப்பல்லாம் நிக்கிறாங்க சார். நீங்க வகுப்புக்குப் போனதுலேர்ந்து நிக்கிறாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

ரெஜினாவைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். வலியில் அழுகிற அழுகை எனக்குத் தெரியும். இது கோபம்.

ஜூலை 10, புதன்

விசில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நானாக நேரம் பார்த்துக் கொடுத்தேன், குடித்தாள்.

ஜூலை 12, வெள்ளி

ஒரு வார்த்தையும் இல்லை. நேற்று வகுப்புக்கும் போகவில்லை. காசிம் வந்தபோது நானும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் நிற்கவில்லை. கையைக் காலை ஆட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

ஷர்லி கேட்டாள். இன்னும் யோசிக்கிறேன் என்றேன். "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். அம்மா பேசுவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அவளுக்கு இஷ்டம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை.

ஜூலை 18, வியாழன்

வகுப்புக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

அடுத்த மாதம் மஞ்சள் பெல்ட் தேர்வாம். மாஸ்டர் என்னை மறுபடி டேப்பில் நிறுத்தினாள். பிள்ளைகளையெல்லாம் சுவரோரமாக உட்கார வைத்துவிட்டு, எனக்கு அந்தக் கூடம் முழுவதையும் கொடுத்தாள். செய்தேன். டேப் இடது பக்கம், நான் வலது பக்கம்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பக்கம் யாரு நிக்கிறா?"

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல. நல்லா வேகமாப் போறீங்க, அப்புறம் யாரு மேலயோ படக் கூடாதுங்கற மாதிரி டக்குனு நிறுத்துறீங்க. இந்த ஹால்ல அங்க ஒண்ணுமே இல்லையே சார்."

என் போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தாள். "வீட்ல போய்ப் பாருங்க. நான் சொல்றத விட நீங்களே பாத்தா புரியும்."

சாப்பாடானதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளை உடுப்பில் ஒரு கிழவன். தோள் தொங்குகிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இது யார் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். ரெஜினா கையை நீட்டினாள். இந்த ஒன்பது நாளில் அவள் என் பக்கம் நீட்டிய முதல் கை. போனைக் கொடுத்தேன்.

பார்த்தாள். கட்டைவிரலால் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். இடது அடி வைக்கும் இடத்தில் நிறுத்தி, திரையை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய கூடத்தில், சுற்றிலும் வெறும் தரை. என் கால் மட்டும் எதிலோ இடிக்கப் போவதுபோல முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது.

போனைக் கீழே வைத்தாள். என் முழங்காலின் மேல் கையை வைத்தாள்.

"அங்க," என்றாள். காத்திருந்தேன். "நான்... இல்ல."

கீழே கிடந்த போனில், பாதியில் நின்றுபோயிருந்த என் காலைப் பார்த்தேன்.

"அங்க நான் இல்ல," என்றாள் மறுபடி, இந்தத் தடவை ஒரே மூச்சில். பிறகு, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிற அதே குரலில், "கால் வை."

ஜூலை 19, வெள்ளி

காலையில் ஷர்லியைக் கூப்பிட்டு, அம்மா போகட்டும் என்று சொன்னேன். போன வாரம் சொன்னது பொய், அம்மாவைக் கேட்கவே இல்லை என்றும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் ஒன்று. விழாமல் நடந்து வந்துவிட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்ற பயம் இன்னொன்று. இரண்டாவதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

களைப்பாகவும் இருக்கிறது. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

காசிமிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்," என்றார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெஜினா எழுந்து நின்றாள். என் கை தானாக முன்னால் போனது. அதை இடுப்புக்கு இழுத்துக்கொண்டேன். மாஸ்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயம்புத்தூர். ஷர்லியும் வந்திருந்தாள். மாத்திரை, டவல், ஜெபமாலை, விசில் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்தேன். மறுபடி எடுத்து வேறு தட்டில் வைத்தேன். அங்கிருந்த நர்ஸம்மா, "ஐயா, நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கிறோம்," என்றார், பதமாகத்தான்.

ரெஜினா சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்.

"கட்டில்," என்றாள். "எடு."

"எங்க போடறது?"

"உள்ள. ரூம்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஹாலுக்கு... நடந்து வருவேன்."

பஸ்ஸில் திருச்சி வரும்வரை தூங்கினேன். கண்டக்டர் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்து சாதம் வைத்தேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலை உள்ளே தள்ளினோம். அது இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று வேறு நிறமாக இருக்கிறது. நான்கு மூலையிலும் கட்டில் கால் பதிந்த வட்டம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

வாசலைப் பார்த்து நின்று ஆரம்பித்தேன். இடது பக்கம் திரும்பினேன். கால் அதே இடத்தில் நின்றது. கட்டில் இல்லை, ஆள் இல்லை, கால் நிற்கிறது. எத்தனை தடவை செய்தாலும் அந்தப் பளிச்சென்ற தரைக்குள் போக மாட்டேன் என்கிறது. கடைசியில் ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வகுப்பு. கால் இங்கேயும் முன்னாலேயே நிற்கிறது. பல் விழுந்த குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. "அங்கிள், கண்ண மூடிட்டுப் பண்ணுங்க, நான் அப்பிடித்தான் கத்துக்கிட்டேன்," என்றது. மூடிச் செய்தேன். மூடினால் ரெஜினா இன்னும் நன்றாகத் தெரிகிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தேர்வு. மதுரையிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் அவர்களை அடக்கினார்.

நின்றேன். இடது பக்கம் திரும்பினேன். அந்த ஒரு கணத்தில் கட்டில் தெரிந்தது, விரிப்பு தெரிந்தது, போர்வைக்கு வெளியே அவள் வலது பாதம் தெரிந்தது. அங்க நான் இல்ல என்று அவள் சொன்னதும் கேட்டது. காலை வைத்தேன். எல்லாவற்றையும் தாண்டி, தரையில், எங்கேயோ தூரத்தில் போய் விழுந்தது. யாரையோ மிதித்துவிட்டதுபோல உடம்பு ஒரு குலுக்கு குலுக்கியது. அடுத்த அடியும் வைத்தேன்.

அதன் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. கடைசிக் குத்துக்கு ஒரு கத்தல் போட வேண்டும். இத்தனை நாள் தூங்குகிறவளை எழுப்பிவிடுவோமோ என்று உதட்டுக்குள்ளேயே கத்திப் பழகியவன் நான். இன்று வாய்விட்டுக் கத்தினேன். கூடம் எதிரொலித்தது.

குனிந்து பார்த்தேன். சிவப்பு டேப் என் இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மஞ்சள் பெல்ட்டை மாஸ்டரே கட்டிவிட்டாள். எனக்கு மட்டும் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அவள் இல்லாத இடத்தில்தான் அந்தக் கால் சரியாக விழுந்தது, அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மாஸ்டர் எடுத்த வீடியோவை ரெஜினாவின் போனுக்கு அனுப்பினேன். பெல்ட் வாங்கிவிட்டேன் என்று எழுதவில்லை. அவளே பார்த்துச் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை முழுக்க பதில் இல்லை. அங்கே பயிற்சி நேரமாக இருக்கும். விரிப்பு துவைக்க ஒன்றுகூட இல்லை. சும்மா ஹாலைக் கழுவிவிட்டேன். அந்த நான்கு வட்டமும் அப்படியே இருக்கின்றன.

மத்தியானம் குரல் பதிவு வந்தது. முதலில் தரையில் எதையோ ஊன்றி ஊன்றி வைக்கிற சத்தம். ஒரு பெண் குரல், "மேடம், இன்னிக்கு இது போதும், உக்காருங்க," என்கிறது. "மறுபடி," என்கிறாள் ரெஜினா. ஊன்றும் சத்தம் மெதுவாகத் தள்ளிப் போய், திரும்பி, கிட்டத்தில் வந்து நிற்கிறது. அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது.

அப்புறம் விசில். சின்ன விசில், தப்புக்கு அடிப்பது. கால் நன்றாகத்தானே போனது என்று நினைத்தேன்.

"கை," என்றாள்.

அவ்வளவுதான் பதிவு. மறுபடி போட்டுக் கேட்டேன். கால் என்று சொல்லவில்லை. கை என்றுதான் சொல்கிறாள். கடைக்குப் போய் எலுமிச்சை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, அவளைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகப் பையில் வைத்தேன். பிறகு ஹாலின் நடுவில் வாசலைப் பார்த்து நின்று, குத்தாத கையை இடுப்புக்கு இழுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.